சுங்கை வேயில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போன பிறகு உன் அப்பா என்னிடம், "அவன்கிட்ட இதைக் கேக்குற நேரமா? அடுத்த வாரம் பினாங்கு போறான் லா" என்றார். எனக்கு நேரம் பார்த்துப் பேசத் தெரியாது. இருபத்து மூன்று வருடமாக என் பிள்ளையாக இருக்கும் உனக்கு அது தெரிந்திருக்கும். பேச்சில் நான் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் அது விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது என்று உன் அக்காவும் சொல்லியிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன். காஜாங்கில் உன் அறைக்கு இது வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

போகும்போது வாசலில் நின்று நீ சொன்னதை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "மொத்தமே பன்னிரண்டு வீடும்மா. அதுலயும் நாலஞ்சுதான் மாத்தினேன். நாட்டுல எத்தனை லட்சம் வீடு இருக்கு? இது எந்த மூலைக்கு? யாருக்குத் தெரியப் போகுது?" யாருக்குத் தெரியும் என்பதற்குப் பதில் சுலபம். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பன்னிரண்டு வீடு எந்த மூலைக்கு என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும் தேவைப்படுகிறது. நான் அலுவலகத்தில் என்ன செய்கிறேன் என்று சின்ன வயதில் கேட்பாய். "கணக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். அது என் சோம்பேறித்தனம். அப்போதே ஒழுங்காகச் சொல்லியிருந்தால் எங்கள் அலுவலகத்தின் சுகாதார ஆய்வில் நீ மூன்று மாதம் வேலை பார்த்தபோது, கையில் வைத்திருந்த வீட்டுப் பட்டியல் என்னவென்று உனக்குப் புரிந்திருக்கும்.

நாட்டில் எத்தனை பேருக்கு நீரிழிவு, எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு, அது இருப்பதே தெரியாமல் எத்தனை பேர் வேலைக்குப் போய் வருகிறார்கள் என்று அறிய எல்லா வீட்டையும் தட்ட முடியாது. அதனால் நாட்டை மாநிலம், நகர்ப்புறம், நாட்டுப்புறம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் சில வட்டாரங்களைக் குலுக்கி எடுக்கிறோம். பிறகு ஒவ்வொரு வட்டாரத்திலும் வீட்டுப் பட்டியலிலிருந்து பன்னிரண்டு வீடுகளைக் குலுக்கி எடுக்கிறோம். கணக்கு எளிதாக இருக்க முழு எண்களில் சொல்கிறேன். ஒரு வட்டாரத்தில் நூற்றிருபது வீடு என்று வைத்துக்கொள். அதில் பன்னிரண்டு எடுத்தால் பத்தில் ஒன்று. அந்த வட்டாரமே நூற்றில் ஒன்றாகக் குலுக்கலில் வந்திருந்தால், அங்கே ஒரு வீடு நம் கையில் விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. அதைத் தலைகீழாகத் திருப்பினால் ஆயிரம். அதுதான் அந்த வீட்டின் எடை. அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் தனக்காக மட்டும் பதில் சொல்வதில்லை, நாம் தட்டாத கதவுகளையும் சேர்த்து ஆயிரம் கதவுக்காகச் சொல்கிறார். நீ மாற்றியது நாலு வீடு என்றால், என் மேசையில் அது நாலாயிரம் வீடு.

குலுக்கலில் வந்த வீட்டை நம் வசதிக்கு மாற்றக் கூடாது என்பது பயிற்சியின் முதல் நாளே உங்களுக்குச் சொல்லப்பட்டது. ஏன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லப்போனால் ஏன் என்பதை நம் வீட்டிலேயே ஒரு முறை பார்த்தோம். உன் அக்கா கல்யாணம் நினைவிருக்கிறதா? மண்டப விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அறிய உன் அப்பா பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் ஒரு வாரம் காலையில் உட்கார்ந்து போன் செய்தார். எடுத்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றவர்கள். "கண்டிப்பா வரோம் லா, ஆனா முட்டி வலி, ரெண்டு பேர்தான்" என்றார்கள். எடுக்காத வீடுகளைப் பார்த்து அவர், "எடுக்காதவங்க வர மாட்டாங்க, எழுதிக்கோ" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். தொழிலே அதுவாக இருந்தும் எழுதிக்கொண்டேன். கல்யாணத்தன்று மாலை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு, காலையில் போன் எடுக்க முடியாமல் வேலையில் இருந்தவர்கள் எல்லாரும் வேலை முடிந்து நேராக வந்தார்கள், பிள்ளைகளோடு, பசியோடு. எட்டு மணிக்குள் பிரியாணி தீர்ந்தது. உன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்வரிசைக் கடையில் இருந்த பரோட்டா முழுவதையும் வாங்கி வந்தார். "யாரு கணக்கு போட்டது? வீட்ல ஒரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆளு இருக்காங்கன்னு கேள்விப்பட்டேனே" என்று இன்றும் கிண்டல் செய்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். எங்கள் தவறு, பதில் சொல்லாதவர்களும் பதில் சொன்னவர்கள் மாதிரியே இருப்பார்கள் என்று நினைத்ததுகூட இல்லை, அவர்கள் இல்லவே இல்லை என்று நினைத்தது.

பூட்டிய கதவு என் வேலையில் ஒரு தகவல். "மூன்று முறை போனேன், மூன்று முறையும் பூட்டியிருந்தது" என்று ஒருவர் எழுதி அனுப்பினால் நான் அந்த வீட்டைத் தூக்கி எறிவதில்லை. அதே மாதிரியான இடத்தில், அதே மாதிரியான வீடுகளில் திறந்தவர்கள் யார் என்று பார்த்து, பூட்டிய வீட்டின் எடையை அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறேன். அது முழுதாகச் சரியாகிவிடும் என்று நான் நம்புவதில்லை. திறந்தவர் எவ்வளவுதான் ஒத்திருந்தாலும் திறக்காதவர் ஆகிவிட மாட்டார். ஆனால் எங்கே எத்தனை பூட்டு என்று தெரிந்தால், என் சந்தேகம் எவ்வளவு பெரியது என்றாவது அறிக்கையில் எழுத முடியும். டெங்கில் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பட்டியலில் ஒரு வீடு என்று இருந்த இடத்தில் பலகைத் தடுப்பு போட்டு மூன்று குடும்பங்கள் இருந்தன. அங்கே போன பெண் தலையைச் சொறிந்துவிட்டு முதல் குடும்பத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். அவள் வெளியே நின்று அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மூன்றில் ஒன்றைக் குலுக்கி எடுத்து, அந்தக் குடும்பத்தின் எடையை மூன்று மடங்காக்கினோம். உள்ளதை உள்ளபடி எழுதினால் எப்படிப்பட்ட சிக்கலுக்கும் ஒரு வழி இருக்கிறது. நீ செய்ததற்கு அந்த வழி இல்லை. பூட்டிய வீட்டின் எண்ணைப் போட்டு, பக்கத்து வீட்டு ஆளின் பதிலை எழுதிவிட்டாய். ஓட்டை இருந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

எப்படித் தெரிந்தது என்று நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. பங்கிட்ட பிறகு கடைசியாக ஒரு வேலை உண்டு. வயது, ஆண் பெண், இனம் என்று பிரித்து, நம் எடைகளைக் கூட்டினால் வரும் தொகை உண்மையான மக்கள்தொகையோடு ஒத்துவருகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பகுதியில் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருக்கும் ஆண்கள் போதவில்லை. போதாததை ஈடுகட்ட, கிடைத்த ஒருசில இளைஞர்களின் எடை ஏறிக்கொண்டே போனது. ஒருவனுடைய எடை மற்றவர்களைவிடப் பல மடங்கு. அவன் விரலில் எடுத்த ஒரு சொட்டு ரத்தம் அந்த வயது ஆண்களின் விகிதத்தையே ஆட்டிவிடும் அளவுக்கு. ஏன் என்று தேடிப் போனபோது சுங்கை வேயில் ஒரு வட்டாரம் கண்ணில் பட்டது. ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த அடுக்குமாடி. பன்னிரண்டு வீட்டில் பன்னிரண்டும் முதல் தடவையிலேயே திறந்திருக்கின்றன. எல்லாம் மதியத்துக்கு முன். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஐம்பது தாண்டியவர்கள். நான் களப்பணியைப் பார்த்துக்கொள்ளும் செல்வம் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, சுங்கை வேயில பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. எப்படி?"

"நல்ல பையன் மேடம். நல்லா பேசுவான். ஆன்டிங்களுக்கெல்லாம் அவனைப் பிடிச்சுப்போச்சு, ஒரு வீட்ல லஞ்ச் கூட போட்டிருக்காங்க லா."

"அந்த வட்டாரத்துல பாதி பேர் காலைல பேக்டரில இருப்பாங்க. யாரு அந்தப் பையன்?"

"மேடம், விளையாடுறீங்களா? உங்க பையன்தான்."

நீ விண்ணப்பம் போட்டபோது என் பேரைச் சொல்லாதே என்றேன். உன் குறியீட்டு எண் என்னவென்று நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை. என்னுடைய மகன் என்று யாரும் உனக்குச் சலுகை காட்டக் கூடாது என்று நினைத்தேன். நீ யாரென்று எப்படியோ தெரிந்திருந்தும் செல்வம் அண்ணன் சந்தேகப்படாமல் விட்டதே ஒரு சலுகைதான் என்று இப்போது தோன்றுகிறது.

இனி எழுதப்போவதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. உன் வயதில், படிப்பு முடித்து வேலை கிடைக்கும்வரை, நானும் ஒரு குடும்ப ஆய்வில் கிள்ளானில் வீடு வீடாகப் போனேன். ஒரு சந்தில் பச்சை கேட் போட்ட வீடு என் பட்டியலில் இருந்தது. இரண்டு முறை போயும் பூட்டு. மூன்றாவது முறை போனபோதும் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மா கம்பிக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "ஏன்மா வெயில்ல நிக்கிறே, அவங்க எப்ப வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? உள்ள வா, மைலோ கலக்கித் தரேன்" என்றார். உள்ளே போனேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்த பிறகு எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. "என்கிட்ட கேளேன், நானும் மனுஷிதானே? எனக்கும் சுகர் இருக்கு" என்றார். கேட்டேன். நல்ல பதில்கள், எல்லாம் உண்மை. பதில் எழுதும் படிவமான பாரத்தின் மேல் பச்சை கேட் வீட்டின் எண்ணை எழுதினேன். மறுநாள் யாராவது கண்டுபிடிப்பார்களோ என்ற பயம்கூட இருக்கவில்லை. வேலை முடிந்தது என்ற நிம்மதிதான் இருந்தது.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஒரு மோட்டார் சைக்கிள் பச்சை கேட் முன்னால் வந்து நின்றது. தொழிற்சாலைச் சீருடையில் ஒருவர், வியர்வையோடு இறங்கினார். "நீங்கதானே சர்வே? லெட்டர் வந்துச்சு. என் வீட்டுக்காரம்மாவால எழுந்து வந்து கதவு திறக்க முடியாது, கால் வீங்கிக் கெடக்கு. அதான் நான் பாதி நாள் லீவு போட்டுட்டு வந்தேன். லேட்டாயிடுச்சா?" என்றார். பாரம் என் பையில் இருந்தது. அதைக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சந்து முனையில் எங்கள் வேன் நின்றது. நான், "முடிஞ்சிடுச்சு அங்கிள்" என்றேன். "முடிஞ்சிடுச்சா? எங்களை யாரும் கேக்கவே இல்லையே" என்று சிரித்தார். "பரவால்ல லா, வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் தண்ணீர் குடிக்கவில்லை. நான் தட்டிய மூன்று முறையும் அந்தப் பெண் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து வர முடியாத ஒரு நோயாளிக்குப் பதிலாக, நடக்கக்கூடிய ஒரு நோயாளியை எழுதிவிட்டேன். நோயைப் பற்றிக் கேட்க வந்த ஆய்வில்.

இதைச் சொல்வதால் நீ செய்தது சின்னதாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதே. அம்மாவும் செய்திருக்கிறாள் என்று ஆறுதல்படவும் வேண்டாம். நான் செய்ததைத் திருத்த வழியில்லை. அந்தப் பாரங்கள் எங்கே போயின என்றே தெரியாது, அந்த வீட்டு எண்ணும் எனக்கு மறந்துவிட்டது. உன்னுடையதைத் திருத்த முடியும், கணக்கு இன்னும் மூடப்படவில்லை. நமக்குள் இருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

நீ செய்ததை மூடி மறைத்துவிடலாமா என்று நானும் யோசித்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஏறிப்போன எடைகளை ஓர் எல்லையில் வெட்டிவிடுவது எங்கள் தொழிலில் அனுமதிக்கப்பட்ட முறைதான். ஒரே ஆள் பெரிய எடையைச் சுமந்தால் மதிப்பீடு தள்ளாடும், அதனால் வெட்டி, வெட்டியதை மற்றவர்களுக்குப் பரப்புவோம். அந்த இளைஞனின் எடையையும் வெட்டியிருந்தால் அட்டவணை அழகாக உட்கார்ந்திருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு நாள் அந்தக் கோப்பைத் திறந்து மூடினேன். சரியான முறையைத் தவறான காரணத்துக்குப் பயன்படுத்துவது எவ்வளவு சுலபம் என்று அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன். பினாங்கில் நீ பார்க்கப்போவதும் எண்களோடு உள்ள வேலைதான். ஒரு எண் உனக்கு வசதியாக வந்து உட்காரும்போது, வசதியில்லாமல் வந்திருந்தால் எத்தனை முறை சரிபார்த்திருப்பாயோ அத்தனை முறை அதையும் சரிபார். யாராவது பூச்சி மாதிரி அரித்துக் கேள்வி கேட்டால் எரிச்சல்படாதே, அவர்தான் உனக்கு நல்லது செய்கிறார்.

மாலை நேரத்தில் கிளினிக் எங்கே திறக்க வேண்டும், தொழிற்சாலைப் பகுதியில் பரிசோதனை வேன் நிற்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் இந்த அட்டவணையைத்தான் விரித்து வைத்துக்கொள்வார்கள். அங்கே உன் ஆன்டிகள் இருப்பார்கள், அவர்களுக்கு ஏற்கனவே காலையில் போக ஒரு கிளினிக் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவன், கதவைத் தட்டியது கேட்காதவன், அந்த அட்டவணையில் இருக்க மாட்டான். அவனுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என் கவலை.

இன்று காலை என் மேலதிகாரியிடம் போய், அந்த வட்டாரத்தில் என்ன நடந்தது, செய்தவன் என் மகன், இரண்டும் சொல்லிவிட்டேன். நான் எதிர்பார்த்ததுதான் நடந்தது. எடை போடும் வேலை முழுவதும் என்னிடமிருந்து எடுக்கப்பட்டு இன்னொருவருக்குப் போகிறது. அறிக்கையின் அந்தப் பகுதியில் என் கையெழுத்து இருக்காது. பதினொரு வருடமாக நான் செய்துவந்த வேலை, வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அவர்கள் செய்தது சரி, அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். உன்னை எடுத்திருக்கும் பினாங்கு கம்பெனி எங்கள் களப்பணிப் பிரிவிடம் நற்சான்று கேட்டு எழுதியிருக்கிறது. செல்வம் அண்ணன் அதில் நடந்ததை எழுதுவார். எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. உனக்கு அந்த வேலை போகலாம். அது தெரிந்துதான் சொல்கிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்குள் ஏன் என்பது. சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரத்தில், செல்வம் அண்ணனின் ஆட்கள் அந்த அடுக்குமாடிக்குத் திரும்பப் போகிறார்கள். பன்னிரண்டில் எது உண்மையாகத் தேர்ந்தெடுத்த வீடு, எது நீ மாற்றிய வீடு என்று பாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பாரம் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. உனக்கு மட்டும்தான் தெரியும். நீ வந்து காட்டினால் உண்மையான ஏழெட்டு வீடுகள் அப்படியே இருக்கும், மாற்றிய கதவுகளைத் திரும்பத் தட்டுவார்கள். நீ வராவிட்டால் பன்னிரண்டையும் நீக்கிவிடுவார்கள். உனக்கு உட்கார இடம் கொடுத்து, விரலை நீட்டி, ஒரு மணி நேரம் பொறுமையாகப் பதில் சொன்னவர்களின் பதிலும் அதோடு போகும். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

வந்தால், கேள்விகளை நீ கேட்கக் கூடாது, அது வேறொருவர் வேலை. வீட்டைக் காட்டிவிட்டு, கதவு திறந்தால், "போன தடவை உங்க வீட்டு எண்ணைப் போட்டு பக்கத்து வீட்ல கேட்டுட்டேன், மன்னிச்சிடுங்க" என்று நீயே சொல்ல வேண்டும். ஆங்கிலம் கலக்காமல், காரணம் சேர்க்காமல். திட்டினால் கேட்டுக்கொள். நான் அங்கே வர மாட்டேன், வரவும் கூடாது. நீ வந்தாயா என்று செல்வம் அண்ணனிடம் விசாரிக்கவும் மாட்டேன், அப்படி அவருக்கும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அந்தக் கணக்கு என் மேசைக்கு வராது. சுங்கை வேயில் எத்தனை வீடு நின்றது, எத்தனை வீடு போனது என்று நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

அம்மா